எழுப்பாதே

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் கத்பர்ட் ஹெட்லி ஒரு நாள்கூடத் தானாக விழித்ததில்லை. ஷாட்ராக் கிழவர் மரச்சுத்தியலால் கதவைப் பெயர்த்துவிடுகிற மாதிரி தட்டுவார், தெரு நாய்களெல்லாம் குரைக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிடும். அவன் மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடப்பான். அவன் மனைவி திர்சாதான் எழுந்து ஜன்னலைத் திறந்து, "கேட்டுச்சு தாத்தா" என்று குரல் கொடுத்துவிட்டு, வந்து அவனை உலுக்குவாள். கத்பர்டைச் சுரங்கத்துக்கு எழுப்பி அனுப்புவது ஷாட்ராக் இல்லை, திர்சாதான் என்று மூன்றாம் தெருவில் எல்லோரும் கேலி பேசுவார்கள். கும்பகர்ணத் தூக்கம் என்று நம் பக்கம் சொல்வோமே, அது அவனிடம் இருந்தது. கடைசியில் அதுதான் அவனைக் கவிழ்த்தது.

டர்ஹாம் பக்கத்து நிலக்கரி ஊர் அது. மூன்றாம் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலோரமும் சுவரில் ஒரு சிலேட் பதித்திருக்கும். வீட்டு ஆண்கள் எத்தனை மணிக்குச் சுரங்கத்தில் இறங்க வேண்டுமோ அந்த நேரத்தை முந்தின நாளே சாக்கட்டியால் எழுதி வைத்துவிடுவார்கள். ஷாட்ராக் லாந்தரைத் தூக்கிப் பிடித்து சிலேட்டைப் படித்து, நேரம் பார்த்து, தட்டி எழுப்புவார். அதற்குக் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இளம் வயதில் அவரும் நிலக்கரி வெட்டியவர்தான். முதுகு போன பிறகு இந்த வேலை.

அந்த வருஷம், 1910இல், ஜனவரி பிறந்ததும் பிறக்காததுமாக மூன்று ஷிஃப்டு வந்தது. அதுவரை திர்சா வீட்டு சிலேட்டில் ஒரே ஒரு நேரம் இருக்கும். புதுவருஷத்திலிருந்து மூன்று நேரங்கள். கத்பர்டுக்கு ஒன்று, மகன் ஐசக்குக்கு ஒன்று, அவர்களோடு தங்கியிருந்த திர்சாவின் தம்பி சைலஸுக்கு ஒன்று. ஒருத்தன் கிளம்பும்போது ஒருத்தன் அடுப்படியில் தகரத் தொட்டியில் உட்கார்ந்து கரியைத் தேய்த்துக் குளிப்பான், இன்னொருத்தன் மாடியில் குறட்டை விடுவான். இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர், இருபத்து நான்கு மணி நேரமும் சாப்பாடு. திர்சா கோழித் தூக்கம் தூங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பிரசங்கத்தின் நடுவில் பெஞ்சிலிருந்து பொத்தென்று விழுந்தாள். இன்னொரு நாள் நின்றபடியே கண் அயர்ந்து, இடது கையைக் கொதிக்கும் கெட்டிலில் வைத்துவிட்டாள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

ஆட்களைக் கேட்காமல், பெண்களை எண்ணிக்கூடப் பார்க்காமல், யாரோ எங்கேயோ மூன்று ஷிஃப்டுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தெரு கொதித்தது. வேலைநிறுத்தம் என்று முதலில் குரல் கொடுத்தது கத்பர்ட்தான். சங்கக் கிளையின் செயலாளன் அவன். பேச்சில் கெட்டிக்காரன். ஜெபக்கூடத்துப் பிரசங்கியார் பாவிகளை விழித்துக்கொள்ளச் சொல்லி மேஜையைக் குத்துவார். கத்பர்ட் அதே மேஜையைக் குத்தி, அதே சொல்லை எடுத்து, "முழிச்சுக்குங்கடா! இத்தனை வருஷம் அவன் எழுப்பும்போதெல்லாம் எந்திரிச்சோம். இனிமே நாம எந்திரிக்கும்போது அவன் நடுங்கட்டும்" என்று முழங்கினான். கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். அன்றைக்கு அவன் சொல்லித்தான் தெருவில் எல்லா வீட்டு சிலேட்டிலும் நேரத்தை அழித்துவிட்டு ஒரே சொல்லை எழுதினார்கள். எழுப்பாதே. திர்சா தன் கையால் எழுதினாள், பெரிய எழுத்தில்.

ஆறு வாரம் போயிற்று. ஜெபக்கூடத்துக் கூடத்தில் டர்னிப் சூப் காய்ச்சி ஊற்றினார்கள். ஐசக்கை மலைப்பக்கம் பெரியப்பன் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு வாயாவது குறையட்டும் என்று. சைலஸ் சிறைக்குப் போனான். மேனேஜர் பங்களா வாசலில் கூட்டம் நின்றபோது கத்பர்ட் ஒரு பேச்சுப் பேசினான். "இந்த ஜன்னலுக்குள்ள இருக்கறவனுக்கு மட்டும் தூக்கம் எதுக்கு?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டான். சைலஸ் கல்லை எடுத்தான். டர்ஹாம் சிறையில் இரண்டு மாதக் கடின வேலை. இருமல்காரன் வேறு.

அதற்குப் பிறகு கத்பர்டின் பேச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், "குழந்தைங்க முகத்தைப் பாருங்க. திங்கக்கிழமை வேலைக்குத் திரும்பிடலாம், உள்ள இருந்துகிட்டே பேசித் தீர்த்துக்கலாம்" என்றான். கூட்டம் முணுமுணுத்தது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் பின்வரிசையில் நின்று கத்துவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு டார்க்கஸ் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்ன கத்பர்ட், பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்குது? உனக்கு வெண்ணெய் எங்கிருந்து கிடைக்குது?" என்று கேட்டாள்.

கூடம் சிரித்தது. திர்சாவுக்குச் சுருக்கென்றது. பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். ஒரு நாளும் அப்படிப் பேசினவள் இல்லை.

"ஏண்டி, என் புருசனைப் பார்த்தா உனக்கு விலை போனவன் மாதிரி இருக்கா? என் தம்பி ஜெயில்ல கிடக்கறான். என் மகன் ஊரை விட்டுப் போயிருக்கான். அவரு திரும்பலாம்னு சொன்னா, நெஞ்சு வலிச்சுத்தான் சொல்லியிருப்பாரு. மேனேஜர் வாசல்ல நின்னு அவரு பேசின மாதிரி வேற எவனாவது ஒரு வார்த்தை பேசினானா இங்க?"

டார்க்கஸ் வாயை மூடிக்கொண்டாள். சில பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய ஆண்களில் சிலர் கையும் தூக்கினார்கள், திரும்புவதற்கு. ஆனாலும் எண்ணிப் பார்த்தால் பதினொரு கை குறைந்தது. வேலைநிறுத்தம் தொடரும் என்று முடிவாயிற்று. கத்பர்ட் முகம் வெளிறிப் போனதை திர்சா பார்த்தாள். பாவம், தோற்றுப் போனதில் மனசு விட்டுவிட்டார் என்று நினைத்தாள். ராத்திரி தன் பங்கு ரொட்டியையும் அவன் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை விடிய இன்னும் நேரம் கிடக்கும்போது கீழ் ஜன்னலில் தட்டல் கேட்டது.

ஆறு வாரமாகக் கேட்காத சத்தம். இருந்தும் திர்சா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், உடம்பு பழகிய பழக்கம். அப்புறம்தான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. சுத்தியல் இல்லை. விரல் முட்டியால் கண்ணாடியில் மூன்று தட்டல், மெதுவாக, மரியாதையாக. பிறகு ஷாட்ராக்கின் குரல், ரகசியம் பேசுகிற மாதிரி.

"மிஸ்டர் ஹெட்லி. ரெண்டு மணி ஆச்சுங்க. மிஸ்டர் ஹெட்லி."

திர்சா தூங்குகிற கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்தத் தெருவில் யாரும் மிஸ்டர் கிடையாது. வெட்டுகிறவனுக்குச் சுத்தியல், பேர் சொல்லி ஒரு அதட்டல். விரல் முட்டியும் மிஸ்டரும் தெருவின் மேல் முனையில் வெள்ளைத் திரை போட்ட டெபுடி வீட்டு வரிசைக்கு மட்டும். டெபுடி என்றால் சுரங்கத்துக்குள் மேனேஜருடைய கண். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்குவான், யார் எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்வான், யார் என்ன பேசினார்கள் என்று மேலே போய்ச் சொல்வான். டெபுடி வீடுகளில் சிலேட் கிடையாது. ஆபீஸில் எழுதிக் கொடுக்கிற பட்டியல்தான். வேலைநிறுத்தம் நடக்கும்போதும் அவர்கள் சுரங்கத்துக்குள் போவார்கள். அதனால் ஷாட்ராக் இந்த ஆறு வாரமும் அந்த வரிசைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

அவள் கீழே இறங்கி வந்து ஜன்னலைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது.

"தாத்தா, வீடு தப்பி வந்துட்டீங்களா? சிலேட்டைப் பார்க்கலையா?"

கிழவர் லாந்தரை உயர்த்தினார். பட்டியலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பட்டியல்ல இருக்கே கண்ணு. ஹெட்லி, கத்பர்ட். திங்கக்கிழமையிலேருந்துன்னு போட்டிருக்கு. வீடு மட்டும் டெபுடி வரிசை நாலுன்னு போட்டிருக்கான். அங்க போய்த் தட்டினேன், காலி வீடு. சரி, இன்னும் குடி மாறல போலன்னு இங்க வந்தேன்." அவருடைய குரல் நடுவில் தடுமாறியது. "உனக்குத் தெரியும்னு நெனச்சேனே."

"இந்தப் பேரு எப்ப ஏறினது தாத்தா?"

"அதெல்லாம் ஏறி மூணு வாரம் இருக்கும். எல்லாரும் வேலைக்குத் திரும்பற திங்கக்கிழமைதான் இவருக்கு முதல் நாள்னு குமாஸ்தா சொன்னான். இன்னைக்குத் திரும்பறாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு. நேத்து கூட்டத்துல என்ன ஆச்சுன்னு கிழவன்கிட்ட யாரு வந்து சொல்றாங்க?"

மூன்று வாரம். சைலஸ் கல் எடுத்தது பதினாறு நாளைக்கு முன்னால். திர்சா விரல் விட்டு எண்ணினாள், மறுபடி எண்ணினாள். மேனேஜர் வாசலில் நின்று அந்தப் பேச்சைப் பேசினபோது அவன் ஏற்கெனவே மேனேஜருடைய ஆள். தன்மேல் சந்தேகம் வராமல் இருக்கப் பேசியிருக்கிறான். அவன் சட்டை அழுக்குப் படாமல் இருக்க அவளுடைய தம்பி இப்போது டர்ஹாம் சிறையில் தண்டனை வேலையாகப் பழங்கயிறு பிரித்துக்கொண்டிருக்கிறான். நேற்று அவள் பெஞ்சின் மேல் ஏறி, தெருவே பார்க்க, அவனுக்காக வாதாடினாள். அந்த நினைப்புதான் அவளை அறுத்தது. தன்னை ஏமாற்றியதுகூடப் பரவாயில்லை, தன் வாயாலேயே ஊரை ஏமாற்ற வைத்துவிட்டானே.

மாடியில் கத்பர்ட் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. எழவில்லை.

"நீங்க போங்க தாத்தா. நான் எழுப்பிக்கறேன்."

ஷாட்ராக் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த மரச்சுத்தியலை எடுத்துப் பார்த்தார். ஆறு வாரமாக வேலை இல்லாத சுத்தியல். அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"வயசாச்சு பாரு, அங்கங்க எதையாவது வச்சுட்டு மறந்துடறேன். கம்பெனி சம்பளம் வாங்கறவன், எனக்கு ஒண்ணும் தெரியாது." லாந்தரைத் திருப்பிக்கொண்டு மேல் முனைக்கு நடந்தார்.

திர்சா முதலில் கதவின் பின்னால் மாட்டியிருந்த கத்பர்டின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துழாவினாள். இதுவரை ஒரு நாளும் அவன் பையில் கை விட்டதில்லை. உள்பையில் ஒரு சாவி இருந்தது, புதுசு, பித்தளை, இந்த வீட்டுச் சாவி இல்லை. அதை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு சுத்தியலோடு தெருவில் இறங்கினாள்.

முதல் கதவு டார்க்கஸ் வீடு. அங்கே நின்றபோது கை எழவில்லை. நேற்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்த வீடு. தட்டினாள்.

டார்க்கஸ் தலைவிரி கோலமாகக் கதவைத் திறந்தாள். "யாரு செத்தா?"

டார்க்கஸ் கேட்டதிலும் தப்பில்லை. வேலை இல்லாத இந்த ஆறு வாரத்தில் அந்த நேரத்துக்கு எழுப்ப வேறு காரணம் இருந்ததில்லை. பின் தெருவில் இருக்கிற ஐரிஷ்காரர்கள் பிணத்தோடு ராத்திரி உட்கார்ந்திருப்பதற்கும் விழிப்பு என்றுதான் பேர் சொல்வார்கள்.

"யாரும் சாகல. நீ நேத்து சொன்னது சரி. நான்தான் முழிச்சுக்கிட்டே தூங்கிட்டிருந்தேன்." திர்சா மற்றதையும் சொன்னாள், பட்டியல், சாவி, மூன்று வாரம். குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். சைலஸ் பேர் வந்தபோது மட்டும் உடைந்தது.

டார்க்கஸ் கதவை அகலத் திறந்து அவளை உள்ளே இழுத்தாள். 'அப்பவே சொன்னேனே' என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கேட்காததற்காக திர்சா அவளை அன்றைக்கும் மறக்கவில்லை, பிறகும் மறக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணப்போறே?"

"அவரைக் கூப்பிட்டிருக்காங்க. எழுப்பி அனுப்பப்போறேன். ஆனா அவரு போறதை எல்லாரும் பார்க்கணும். எதிர் வரிசையை நீ எழுப்பு. கல்லு வேண்டாம், கூச்சல் வேண்டாம். இன்னொரு வீட்டுப் பிள்ளை ஜெயிலுக்குப் போக வேண்டாம். விளக்கோட வாசல்ல நின்னாப் போதும்."

டார்க்கஸ் அடுப்புக் கம்பியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார்கள். நாய்கள் குரைத்தன, குழந்தைகள் வீறிட்டன, ஜன்னல்கள் படீர் படீரென்று திறந்தன. எட்டாம் வீட்டில் கிடந்த ஆள், "சுரங்கம் பத்திக்கிச்சா?" என்று கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். இத்தனை அமளியிலும் ஒரே ஒரு வீட்டில் ஒருத்தன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான். திர்சா திரும்பி வரும்போது மாடியிலிருந்து குறட்டை கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. வாசல் சிலேட்டில் இருந்த சொல்லைச் சால்வை நுனியால் அழித்துவிட்டு வேறு எழுதினாள். பிறகு தேநீர் போட்டுவிட்டு மாடிக்குப் போய் அவனை உலுக்கினாள், எப்போதும் போல.

"எந்திரி கத்பர்ட். நேரமாச்சு."

அவன் கண்ணைத் திறக்காமலே, "எதுக்கு?" என்றான்.

"மிஸ்டர் ஹெட்லியைக் கூப்பிட்டாங்க. ரெண்டு மணிக்கு."

கண் திறந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவன் அவ்வளவு வேகமாக விழித்து அவள் பார்த்ததில்லை. கீழே இறங்கி வந்தவன் மேஜை மேல் இருந்த சாவியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் கிழட்டு முட்டாள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். உட்கார்ந்தான். "திர்சா, கேளு. டெபுடின்னா ஒரே ஷிஃப்டு. ஐசக்கையும் என் கூடவே போட்டுக்கலாம்னு சொன்னாங்க. உன் கையைப் பாரு. நின்னுக்கிட்டே தூங்கி விழறே. உனக்காகத்தான் பண்ணேன். நீ ஒரு ராத்திரியாவது முழுசாத் தூங்கணும்னுதான்."

அது முழுப் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் வலித்தது.

"என் தூக்கத்துக்கு சைலஸை வித்தியா?"

"அவன் கல்லை எடுப்பான்னு நான் கண்டேனா?"

"கண்டே. அவன் பக்கத்துலதான நின்னே. கையைக் கட்டிக்கிட்டு நின்னியே, நான் பார்த்தேன். உனக்கு வருத்தம்னு நெனச்சேன். கல்லைத் தொடாம இருக்கத்தான் கட்டிக்கிட்டேன்னு இப்பத்தான் தெரியுது."

அவன் தேநீரைக் குடிக்காமல் தள்ளி வைத்தான். "இன்னைக்குப் போகலைன்னா அந்த இடம் வேறொருத்தனுக்குப் போயிடும்" என்றான் கடைசியில், தரையைப் பார்த்து.

"போன்னுதான் எழுப்பினேன்."

அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பான் போல. தடுத்திருந்தால் அவள் காலில் விழுந்து, அழுது, எப்படியாவது பேசிச் சரிக்கட்டியிருப்பான். பேச்சு அவன் கைவந்த கலை. அவள் எழுந்து கோட்டை எடுத்துக் கொடுத்தாள். சாவியை அவனே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கதவருகில் குனிந்து பூட்ஸை எடுத்தவன் காலில் மாட்டவில்லை. ஆணி அடித்த பூட்ஸ். கல் பாவிய தெருவில் டக்டக்கென்று கேட்கும். வாரிலே பிடித்து இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டான். தூங்குகிற தெருவைக் காலுறையோடு கடந்து போய், மேல் முனையில் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. இது வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறான் என்று பார்த்தபோது, இவனோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று திர்சாவுக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது.

கத்பர்ட் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினான். கதவைத் திறந்தான்.

தெருவின் இரண்டு பக்கமும், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, ஒவ்வொரு வாசலிலும் விளக்கு இருந்தது. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். கிழவிகள் போர்வையோடு, ஆண்கள் சட்டையோடு, குழந்தைகள் இடுப்பில். ஒருத்தரும் பேசவில்லை. கையில் பூட்ஸோடு, ஈரக் கல்லில் காலுறையோடு அவன் நின்றான்.

திரும்பினான். திர்சா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்துச் சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: மிஸ்டர் ஹெட்லி, இரண்டு மணி.

"திர்சா" என்றான்.

டார்க்கஸ்தான் எதிர் வரிசையிலிருந்து வாயைத் திறந்தாள், ரொம்ப மரியாதையாக. "பூட்ஸைப் போட்டுக்கங்க மிஸ்டர் ஹெட்லி. கால் நனையுது. எங்க தூக்கம் கெட்டுடும்னு பார்க்காதீங்க, நாங்கதான் முழிச்சுட்டோமே."

அவன் தெரு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். வாரைக் கட்ட வெகு நேரம் பிடித்தது. அத்தனை பேரும் பொறுமையாக நின்றார்கள். எழுந்து மேல் முனையைப் பார்த்து நடந்தான். ஆணிச் சத்தம் கடைசி விளக்கு வரைக்கும் கேட்டது. டெபுடி வரிசை திரும்புகிற இடத்தில் ஒரு தரம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

ஒவ்வொரு விளக்காக உள்ளே போயிற்று. டார்க்கஸ் குழந்தையோடு வந்து அடுப்பைக் கிளறிவிட்டு, அவன் குடிக்காத தேநீரைத் தானே குடித்தாள். "போய்ப் படு. நான் இருக்கேன்" என்றாள்.

"சைலஸுக்குக் கடுதாசி எழுதணும்" என்றாள் திர்சா. "அவன் இன்னும் இவரைத்தான் நம்பிக்கிட்டுப் படுத்திருப்பான்."

பேனாவை எடுத்தாள். அன்புள்ள சைலஸ் என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவன் விடுதலை ஆகி வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதுவரையாவது அவன் தூங்கட்டும் என்று காகிதத்தை மடித்து வைத்தாள்.